வெட்டா, மழையா

“இன்னைக்கு வெட்டா, மழையா?”

நாலாம் வகுப்புக்குள் காலை வைத்ததும் லதீபா டீச்சர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வணக்கம், இடாப்பில் பெயர் கூப்பிடுவது எல்லாம் அதற்குப் பிறகு.

“வெட்டு டீச்சர்!” என்று பிள்ளைகள் கத்தினால், டீச்சர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அலுமாரியைத் திறப்பார். “மழை டீச்சர்!” என்று கத்தினால் அலுமாரி பூட்டியபடியே கிடக்கும்.

ஒருமுறை கல்விக் கந்தோரிலிருந்து வந்த ஐயா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு அதிபர் அழகமுத்துவைத் தனியே கூப்பிட்டார்.

“என்ன சார் இது? உங்க ஸ்கூல்ல தேவாரத்துக்குப் பதிலா வானிலை அறிக்கையா?”

“பால்வெட்டுத் தோட்டந்தானே சார். புள்ளைங்களுக்கு அதே பேச்சு,” என்று அதிபர் சிரித்து மழுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கிறோம் என்பதை அவர் சொல்லவில்லை. சொன்னால் அது பைலுக்குள் போய்விடும் என்பது அவர் பயம்.

அந்தப் பிள்ளை தர்மிளா. ஒன்பது வயது. தெஹியோவிட்டவிலிருந்து உள்ளே ஏறிப் போகும் இறப்பர் தோட்டத்தில், மேல்பிரிவு லயத்தில் வீடு. பள்ளிக்கூடம் கீழ்ப்பிரிவில். நடுவில் இரண்டு மைல் இறக்கமும் ஓர் ஓடையும்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தை மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம், கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் சோக்குக்கட்டியோடு பின்னால் சாய்ந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. மூன்று நிமிடத்தில் தெளிந்துவிட்டாள். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் பாதி வகுப்பு அழுதுகொண்டே வெளியே ஓடிவிட்டது.

மறுநாள் தாய் ஜெயம்மா வந்து அதிபரின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“இது எத்தன நாளா இருக்கு ஜெயம்மா? புள்ளைய சேக்கிறப்ப சொல்லலையே?”

“சொன்னா சேத்துக்குவீங்களா சார்?”

அதிபர் பேனாவை மூடினார், திறந்தார்.

“இங்க பாரு. நான் கல்லு நெஞ்சுக்காரன் இல்ல. ஆஸ்பத்திரி பதிமூணு மைலு. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா மூணு தோட்டத்துக்கும் சேத்து ஒருத்தர். என் ஸ்கூல்ல வச்சி ஒரு உசுரு போனா யாரு பதில் சொல்றது? இன்னொரு தடவ விழுந்தான்னா வீட்டுலயே வச்சிக்க.”

“வீட்டுல யாரு சார் இருக்கா? இவங்கப்பா கொழும்புல சாப்பாட்டுக் கடையில நிக்கிறாரு. சின்னவன என்னோட கூட்டிக்கிட்டுப் போயி புள்ளக் காம்பராவுல விட்டுருவேன். லயத்துல இவ ஒத்தையில விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? இங்கன்னா நாலு பேரு பாப்பீங்கன்னுதானே அனுப்புறேன்.”

கதவோரம் நின்றிருந்த லதீபா டீச்சர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“கிளினிக்ல மருந்து தந்தாங்கதானே?”

“தந்தாங்க டீச்சர். ராவைக்கு ஒண்ணு, காலையில ஒண்ணு. ராவைக்கு நான் குடுத்துருவேன். காலையிலதான் முடியல. அஞ்சரைக்குப் பெரட்டுல பேர் குடுக்க நிக்கணும். அந்நேரம் இவ அசந்து தூங்குவா. வெறும் வயித்துல குடுக்காதன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“எடுத்து வெச்சிட்டுப் போனா?”

“வச்சேன். ரெண்டு நாளு ஒழுங்காப் போட்டுக்கிட்டா. மூணாம் நாளு டம்ளருக்குப் பக்கத்துலயே கெடந்துச்சி. நாலாம் நாளு நேத்தோடதையும் சேத்து ரெண்டா முழுங்கிட்டா. ‘மிச்சம் வைக்கக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன’ங்கிறா.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“அப்ப நான் குடுக்கிறேன். எட்டு மணிக்கு ரெண்டு பிஸ்கட் சாப்பிட வெச்சிட்டு, என் கண்ணுக்கு முன்னால குடுக்கிறேன். என்ன சேர்?”

“உங்க இஷ்டம் டீச்சர்,” என்றார் அதிபர். “நான் கேக்கவும் இல்ல, பாக்கவும் இல்ல.”

அப்படித்தான் காலை மாத்திரைகள் ஒரு கடதாசிப் பையில் அலுமாரிக்குள் வந்தன, சோக்குப் பெட்டிக்குப் பின்னால். சனி ஞாயிறைப் பற்றி டீச்சர் கேட்டபோது ஜெயம்மா, “அன்னைக்கு அவ லயத்துலதானே இருப்பா? வெட்டி முடிச்சி, பால் வடியிற நேரத்துல ஓடி வந்து குடுத்துட்டு ஓடிருவேன். ஸ்கூலுக்குத்தான் ஓடி வர முடியாது,” என்றாள்.

வெட்டும் மழையும் இதற்குள் வந்தது மார்ச் மாதத்தில்.

ஒரு விடியற்காலை நல்ல மழை. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. பட்டையில் தண்ணீர் இறங்கினால் பால் சிரட்டைக்கு வராது, கண்டபடி வழிந்துபோகும். வெட்டில்லாமல் வீட்டில் இருந்த ஜெயம்மா, மகளை எழுப்பி, ரொட்டி தட்டிக் கொடுத்து, அருமையாகத் தன் கையாலேயே ஒரு மாத்திரையும் கொடுத்து அனுப்பினாள். எட்டு மணிக்கு லதீபா டீச்சர் இன்னொன்று கொடுத்தார். பிள்ளையும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

பத்து மணிக்கு தர்மிளா கழிவறைக்கு எழுந்து போனாள். கால் ஒரு பக்கம் போக, ஆள் ஒரு பக்கம் போனாள்.

“டீச்சர், தர்மிளா குடிச்சவங்க மாதிரி நடக்கிறா!” என்று சசி கத்தினாள். சசி லயத்தில் பக்கத்துக் காம்பராப் பிள்ளை. காலையில் இவளைக் கூட்டிவருகிறவளும் அவள்தான்.

வாந்தி எடுத்தாள். பிறகு மேசையில் தலையைச் சாய்த்து, பள்ளிக்கூடம் விடும்வரை எச்சில் வழியத் தூங்கினாள். நல்லவேளை, அன்று டிஸ்பென்சர் ஐயா தோட்டத்தில் இருந்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஜெயம்மாவையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது கூடினாலும் ஆபத்து, கொறைஞ்சாலும் ஆபத்து. யாராச்சும் ஒரு ஆளு குடுங்க.”

“அப்ப நானே எல்லா நாளும் குடுக்கிறேன் ஐயா,” என்றார் டீச்சர்.

“மழையன்னைக்கு எப்படி டீச்சர்?” என்றாள் ஜெயம்மா. “ஓடை ஏறிருச்சின்னா புள்ள ஸ்கூலுக்கே வராது. வராத அன்னைக்கு? மழைன்னா நான் வீட்டுலதானே இருக்கேன். மழையன்னைக்கு நான். வெட்டு அன்னைக்கு நீங்க.”

அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. டிஸ்பென்சர் ஐயாவும் தலையை ஆட்டினார். ஒரே ஒரு சிக்கல்தான். டீச்சர் தெஹியோவிட்ட டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். டவுனில் ஊற்றும் மழை தோட்டத்தில் இருக்காது. தோட்டத்தில் ஊற்றும் மழை டவுனுக்குத் தெரியாது. அதனால்தான் வகுப்பைக் கேட்பது. தாய்மாரில் முக்கால்வாசிப் பேர் பால்வெட்டுக்காரர்கள். பிள்ளைகள் வாயில் அது பொய்க்காது.

“தர்மிளா, இன்னைக்கு நீ அம்மா மாத்திரையா, டீச்சர் மாத்திரையா?” என்று சசி கேலி செய்வாள்.

“நீ பூச்சி மாத்திர! போடி!”

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. தர்மிளா விழவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டைத் திக்காமல் சொன்னாள். விளையாட்டுப் போட்டியில் சாக்கோட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். “பரவாயில்லையே டீச்சர்,” என்றார் அதிபர். கேட்காமலும் பார்க்காமலும் இருந்தவர் அதை மட்டும் கவனித்திருந்தார்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. விட்டு விட்டு, நாள்கணக்காக. வகுப்பு ஒவ்வொரு நாளும் “மழை டீச்சர்!” என்றே கத்தியது. அலுமாரி திறக்கப்படவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் தர்மிளா கொப்பியைத் திருத்தக் கொண்டுவந்து மேசையருகே நின்றபடி சொன்னாள்.

“டீச்சர், அம்மா இப்ப மழையிலயும் பெரட்டுக்குப் போறாங்க.”

டீச்சர் திருத்திக்கொண்டிருந்தார்.

“பாவம். அம்மாக்கு குடை ஈக்கா மகள்?”

“சாக்கு போட்டுக்குவாங்க.”

“காச்சல் வந்துடும் எண்டு சொல்லுங்க. இங்க பாருங்க, ஒன்பதுக்கு வால் எந்தப் பக்கம்?”

தர்மிளா ஒன்பதைத் திருத்தி எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். தாய் சொல்லச் சொன்னதைச் சொல்லியாயிற்று.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது தூறல். வகுப்பு வழக்கம்போலக் கத்தியது. “மழை டீச்சர்!” டீச்சர் இடாப்பைக் கூப்பிட்டு முடித்தார். எட்டரை இருக்கும். மழை சட்டென்று நின்று, ஜன்னல் வெளுத்தது. மலைக்கு மேலே பெரட்டு மணி அடித்தது.

“ஐ, லேட் வெட்டு!” என்றாள் சசி.

“அதென்ன?”

“மழை விட்டுருச்சில்ல டீச்சர். மரத்தைத் தொடச்சிட்டு இப்ப வெட்டப் போவாங்க. எங்கம்மால்லாம் அங்கதானே நிக்கிறாங்க.”

“எங்க?”

“பெரட்டுக் களத்துல. விடியக்காலையிலேருந்து.”

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

“மழையோடயா? மழை எண்டா வீட்டுலதானே இருப்பாங்க?”

“அது முந்தி டீச்சர்,” என்று பின் வரிசையில் ஒரு பிள்ளை சொன்னது. “இப்ப தோட்டத்துல வேல வாங்கப் புது கண்டக்டர் வந்திருக்காருல்ல? மழையோ வெயிலோ அஞ்சரைக்கு வந்து நிக்கணும். மழை விட்டா வெட்டு. விடாட்டி ஒம்பது மணிக்கு வீட்டுக்கு. வந்து நிக்காட்டிப் பேர் இல்ல, சம்பளமும் இல்ல.”

“எங்கம்மா அவர தவளைன்னு சொல்லுவாங்க,” என்றது இன்னொன்று. வகுப்பு சிரித்தது.

“எப்பலேந்து?”

“போன கிழமையிலேருந்து டீச்சர்.”

குடை ஈக்கா மகள் என்று தான் கேட்டது டீச்சருக்கு அப்போது ஞாபகம் வந்தது.

“தர்மிளா. இங்க வாங்க மகள்.”

வந்தாள். கண் சொருகினாற்போல் இருந்தது. ஆனால் மாத்திரை போட்ட நாளிலும் அவளுக்குக் கண் அப்படித்தான் இருக்கும். போடாத நாளிலும் விடிய எழுந்த தூக்கம் இருக்கும்.

“இன்னைக்கு அம்மா மாத்திர தந்தாங்களா?”

“தந்தாங்க.”

“எப்ப?”

“சோறு தின்னுட்டு.”

“அது ராவைக்குத்தானே. காலையில?”

தர்மிளா யோசித்தாள். டீச்சருக்கு எந்தப் பதில் வேண்டும் என்று முகத்தைப் பார்த்தாள்.

“காலையிலயும்.”

“காலையில அம்மா ஈந்தாங்களா வீட்டுல?”

“இல்ல.”

“அப்ப எப்படித் தந்தாங்க?”

“தெரியல டீச்சர்.” அழப்போவதுபோல் உதடு பிதுங்கியது.

“பொய் சொல்றா டீச்சர்,” என்றாள் சசி. “நான் கூப்பிடப் போறப்ப தூங்கிக்கிட்டுத்தான் இருந்தா. நேத்து மட்டும் அவங்கம்மா நடுவுல ஓடி வந்து என்னமோ குடுத்தாங்க.”

“என்னது?”

“தெரியல. ரொட்டியோ, என்னமோ.”

டீச்சர் அலுமாரியைத் திறந்தார். பையிலிருந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு அதிபரின் அறைக்கு நடந்தார். உள்ளே நுழையும்போதே விசயத்தைச் சொன்னார்.

“குடுக்கட்டா சேர்?”

“என்கிட்ட கேக்குறீங்களா?” அதிபர் எழுந்தே விட்டார். “மார்ச்சுல பட்டது போதாதா டீச்சர்? இன்னைக்கும் விடிய எழுப்பியோ, ஓடி வந்தோ குடுத்திருந்தான்னா?”

“குடுக்காம ஈந்திருந்தா? ஆறேழு நாள் சேர்!”

“அதுவும் தெரியாது, இதுவும் தெரியாது. தெரியாம குடுக்க வேணாம். கேட்டுட்டுக் குடுப்போம்.”

“யாருக்கிட்ட கேக்குறது? ஜெயம்மா ரெண்டு மைலுக்கு மேல நிக்கிறா.”

அந்த நேரம் பால் லொறி வெறும் கேன்கள் குலுங்க, பள்ளிக்கூடத்தைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. அதிபர் கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்.

“விமலே! விமலே! பொட்டக் இன்ன!”

விமலே பிரேக் போட்டான். தோட்டத்துச் சிங்களவன். தமிழும் தண்ணீர்பட்ட பாடு.

“என்ன சார், புள்ளைங்க அடிச்சிக்கிட்டதா?”

“ஜெயம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிட்டு வா. தர்மிளாவுக்கு இன்னைக்குக் காலையில மருந்து குடுத்தாளா, இல்லையா. குடுத்தா ஆமா, குடுக்காட்டி இல்ல. வேற பேச்சு வேணாம்.”

“அரி சார். கேன் எறக்கிட்டு வாறப்ப சொல்றேன்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்று டீச்சர் கேட்டார்.

“ரோட்டு சரியில்ல நோனா. ஒண்ணரை மணித்தியாலம்.”

டீச்சர் வகுப்புக்குத் திரும்பினார். மாத்திரை கைக்குள்ளேயே இருந்தது. பையில் திரும்பப் போட மனம் வரவில்லை. கொடுக்கவும் கை வரவில்லை. சித்திரம் கீறுங்கள் என்று சொல்லிவிட்டு தர்மிளாவை முன் வரிசையில், தனக்கு நேரே உட்கார வைத்துக்கொண்டார்.

“என்ன கீறுறீங்க மகள்?”

“லொறி.”

ஒன்பதேகால். ஒன்பதரை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தர்மிளா பென்சிலை வைத்தாள்.

“டீச்சர், மணம் வருது.”

“என்ன மணம்?”

“கருகுற மணம்.”

வகுப்பில் யாருக்கும் எந்த மணமும் வரவில்லை. டீச்சர் எழுந்து மேசையைச் சுற்றி வருவதற்குள் பிள்ளை உட்கார்ந்திருந்த வாங்கோடு சரிந்தாள்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து அவளை ஒருக்களித்துப் பிடித்தார். வாங்கையும் மேசையையும் காலால் தள்ளினார். கிளினிக்கில் ஜெயம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்து, ஜெயம்மா டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். வாய்க்குள் எதையும் வைக்காதே. இறுக்கிப் பிடிக்காதே. நேரத்தைப் பார்.

அதிபர் ஓடி வந்தார். சாவிக்கொத்தைப் பிள்ளையின் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கினார்.

“இரும்பு டீச்சர், இரும்பு!”

“அதால ஒண்டும் நடக்காது சேர்.”

“வேற என்னதான் செய்றது சொல்லுங்க?”

டீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். சாவியை எடுக்கவில்லை.

மூன்று நிமிடம் போயிற்று. ஐந்து போயிற்று. ஒருமுறை தளர்ந்து, அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டபோது, கண் விழிக்காமலே மறுபடியும் இழுக்கத் தொடங்கியது.

“டிஸ்பென்சர் ஐயா?”

“ஆள் அனுப்பிட்டேன். இன்னைக்கு அடுத்த தோட்டத்துல இருக்காராம்.”

“மாத்திரையக் குடுங்க டீச்சர்!” என்று கதவருகிலிருந்து சசி அழுதாள். “கையில வச்சிருக்கீங்கல்ல, குடுங்க!”

டீச்சர் அப்போதுதான் கையை விரித்துப் பார்த்தார். மாத்திரை வியர்வையில் ஊறி, மாவாகி, ரேகையெல்லாம் வெள்ளையாய் ஒட்டியிருந்தது.

“இப்ப குடுக்க ஏலாது மகள். தொண்டையில அடைச்சிடும். இப்ப ஏலாது.”

லொறி சத்தம் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். கேன்களை இறக்காமலே திருப்பியிருந்தான். நிற்பதற்குள் ஜெயம்மா முன்பக்கத்திலிருந்து குதித்தாள். தலையில் சாக்கு. தோளில் கத்திக்கூடை. விரல்களில் பால் காய்ந்து நூல்நூலாகத் தொங்கியது.

“டீச்சர், குடுத்தீங்களா?”

“நீங்க குடுத்தீங்களா?”

இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். இருவர் முகத்திலும் பதில் தெரிந்துவிட்டது.

“சொல்லச் சொன்னேனே டீச்சர்! மழையிலயும் போறேன்னு சொல்லச் சொன்னேனே, சொல்லலையா?”

“சொன்னா,” என்றார் டீச்சர். “சொன்னா ஜெயம்மா. எனக்குத்தான் வெளங்கல்ல.”

“நேத்து ஓடி வந்து குடுத்தது?” என்று அதிபர் கேட்டார்.

“வெறும் ரொட்டி சார். டீச்சர் குடுக்கிறாங்கதானேன்னு மாத்திரையை நான் தொடவே இல்ல.”

விமலே கேன்களைத் தள்ளி இடம் செய்தான். ஜெயம்மா மகளை மடியில் போட்டுக்கொண்டாள். டீச்சர் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். பதிமூன்று மைல். வழியில் செக்பாயிண்டில் நிறுத்தினார்கள். விமலே தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் கத்தினான். சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தடியை உயர்த்தினான். ஜெயம்மா அடையாள அட்டையைத் தேடிக்கொண்டே இருந்தாள். லொறி தாண்டி வெகுதூரம் வந்த பிறகும் தேடினாள்.

“உசுரு இருக்கா டீச்சர்? பாத்துச் சொல்லுங்க.”

“ஈக்கி. மூச்சு வருது.”

கொஞ்சத் தூரம் போகும். மறுபடி, “இருக்கா டீச்சர்?”

“ஈக்கி ஜெயம்மா.”

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இழுப்பு நின்றது. டாக்டர் சின்ன வயதுக்காரர். எத்தனை நாள் மருந்து தவறியது என்று சிங்களத்தில் கேட்டார். டீச்சர் பையை மேசையில் கவிழ்த்து மாத்திரைகளை எண்ணினார். இருக்க வேண்டியதைவிட எட்டுக் கூடுதல். ஒன்று கையில் கரைந்தது. அதையும் சேர்த்தால் ஒன்பது. ஜெயம்மா வீட்டு மாத்திரையைக் கொடுத்த மழையும், யாருமே கொடுக்காத மழையும் அதில் கலந்து இருந்தது. புது கண்டக்டருக்கு முன்னால் எந்தெந்த மழை, பிந்தி எந்தெந்த மழை என்று பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“ஏன் ரெண்டு பேர் குடுக்கிறீங்க?” என்றார் டாக்டர். திட்டவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

பெரட்டு, வெட்டு, ஓடை, புது கண்டக்டர். எங்கிருந்து தொடங்குவது என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

“இனி செய்ய மாட்டோம் டொக்டர்,” என்று மட்டும் சொன்னார்.

ஐந்தாம் நாள் ஜெயம்மா மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தர்மிளா மெலிந்திருந்தாள். நாக்கைக் கடித்த இடத்தில் புண். ஏழாம் வாய்ப்பாட்டில் நாலேழு வரை சொல்லிவிட்டு நின்றாள்.

அதிபர் மாத்திரைப் பையை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார்.

“நான் சொன்னது ஞாபகம் இருக்கா ஜெயம்மா? இன்னொரு தடவ விழுந்தான்னா என்ன சொன்னேன்?”

“சார், கால்ல விழுறேன் சார்.”

“அதெல்லாம் வேணாம், எந்திரி. புள்ள வரட்டும். மருந்து வர வேணாம். இந்தா, எடுத்துக்க.”

“சேர்,” என்றார் லதீபா டீச்சர், “நானே எல்லா நாளும் குடுக்கிறேன். மழையோ, வெயிலோ. புள்ள வராத அன்னைக்கு மட்டும் ஜெயம்மா.”

“வந்தாளா வரலையான்னு ஜெயம்மாவுக்கு எப்படித் தெரியும்? அஞ்சரைக்குப் போனவளுக்கு? எறங்கி வந்து பாப்பாளா?” அதிபரின் குரல் உயரவில்லை. “ஒரு தடவ கூடிப்போச்சு. ஒரு தடவ கொறைஞ்சிபோச்சு. மூணாந்தடவ எப்படிப் போகும்னு நீங்களே சொல்லுங்க. உங்களையும் புடிச்சி அடைப்பாங்க, என்னையும் புடிச்சி அடைப்பாங்க. அப்ப இந்தப் புள்ளைக்கு மட்டும் இல்ல, ஒரு புள்ளைக்கும் டீச்சர் இருக்காது.”

அதிபர் சொன்னதில் எது பிழை என்று டீச்சர் தேடினார்.

ஜெயம்மா பையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வெளியே வந்து படியில் நின்றாள்.

“காலையில யாரு டீச்சர் குடுப்பா?”

“அந்தக் கண்டக்டருக்கிட்ட சொல்லிப் பாத்தா? ஒரு அரைமணித்தியாலம் பிந்தி வாறதுக்கு?”

“சொன்னேன். ‘ஒனக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். நோவு இல்லாத புள்ள எந்த லயத்துல இருக்கு’ன்னாரு.”

“பக்கத்துக் காம்பராவுல?”

“அவுங்களும் என்னோடதானே பெரட்டுல நிக்கிறாங்க.” ஜெயம்மா ஓடைப் பக்கம் பார்த்தாள். “பாப்போம் டீச்சர். நானே எப்படியாச்சும் குடுத்துருவேன். நாலரைக்கு எழுப்பியாச்சும் குடுத்துருவேன்.”

மறுநாள் மழையில்லை. டீச்சர் வகுப்புக்குள் வந்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் பிள்ளைகள் பழக்கத்தில் கத்தினார்கள்.

“வெட்டு டீச்சர்!”

தர்மிளா தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்து, மேசையருகே, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள். வலது கையை நீட்டினாள்.

“இங்க இல்ல மகள். இனி அம்மாதான் தருவாங்க.” டீச்சர் குனிந்தார். “இன்னைக்கு தந்தாங்களா?”

“தெரியல டீச்சர்.”

“யோசிச்சிப் பாருங்க.”

“நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்.”

“அம்மா எழுப்பினாங்களா? வாய்க்குள்ள ஏதாச்சும் வெச்சாங்களா? தண்ணி தந்தாங்களா?”

“கனாவுல தண்ணி குடிச்சேன்.”

கடைவாயில் வெள்ளையாய் என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. தொண்டைக்குப் போகாமல் தூக்கத்தில் வழிந்த மாத்திரையா, பல் விளக்கிய பொடியா என்று தெரியவில்லை. டீச்சர் அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“வாயைத் தொறங்க மகள். நாக்கை நீட்டுங்க.”

தர்மிளா நீட்டினாள். புண் ஆறிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

“கசக்குதா?”

“இல்ல டீச்சர்.”

“கசந்துச்சா? விடியக்காலையில?”

பிள்ளை டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பதில் வேண்டும் என்று பார்த்தாள்.

“கசந்துச்சி,” என்றாள்.